உப்பளத்தில் இறக்கமாட்டேன்

நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து வாங்கிய குட்டி விமானம் அது. ஓட்டுகிற லைசென்ஸ் இருவருக்கும் உண்டு. வார இறுதிப் பயிற்சியில் என் முறை வந்தபோது அவர் பின்சீட்டில் இருந்தார். தூத்துக்குடிக்கு மேலே பறக்கையில் பயிற்சியாளர் இன்ஜின் வேகத்தைச் சட்டென்று குறைத்து, "இன்ஜின் நின்னுட்டுன்னு வைங்க. எங்க இறக்குவீங்க?" என்றார்.

"ஏளா, உப்பளத்துல இறக்கு! மேசை மாதிரி கெடக்கு!" என்று பின்னாலிருந்து கத்தினார் வீட்டுக்காரர்.

உப்பளக்காரர் மகளிடமா இந்தக் கதை? பாத்தி வரப்பில் சக்கரம் இடித்தால் விமானம் குப்புறக் கவிழும். வறண்டு கிடந்த குளத்தை நோக்கித் திருப்பினேன்.

"சரியான இடம்" என்று பயிற்சியாளர் வேகத்தைத் திரும்பக் கூட்டினார்.

நான் கார் ஓட்டினால் "பிரேக் போடு, பிரேக் போடு" என்று ஓயாத வாய் அவருக்கு. அன்று வீடு வரை காரை நானே ஓட்டினேன். மனுஷன் மூச்சுவிடவில்லை.