திடீர் சோதனையும் முந்தின நாள் போனும்

இன்று எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம். சட்டம், பொதுப் பாதுகாப்பு வேலைகளில் சேர்வது எப்படி என்று வழிகாட்ட, பட்டாசு ஆலைகளைச் சோதனையிடும் அதிகாரி ஒருவர் வந்திருந்தார்.

போர்த்திய பொன்னாடையைக் கழற்றாமலே தன் வீரத்தைப் பேசினார். "எந்தக் கம்பெனிக்கு எப்ப போவேன்னு என் டிரைவருக்கே தெரியாது!"

பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். டீச்சர் வேலையில் அதுவும் சேர்த்தி.

முத்துமாரி எழுந்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலை.

"சார், நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்ல எங்கம்மாவோட சேத்து பத்துப் பேரு உக்காந்திருக்காக. நீங்க வாற அன்னைக்கி மட்டும் ஆறு பேருக்கு லீவு. முந்தின நாளே போன் வந்துரும். டிரைவருக்கே தெரியாதது கம்பெனிக்கு எப்படி சார் தெரியுது?"

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பக்கம் ஒரு கம்பெனி விடாம திடீர்னு போய் நிக்கிறேனா இல்லையா, பாரு!"

தலைமையாசிரியர் அவசரமாக நன்றியுரைக்குத் தாவினார்.

சாயங்காலம் பஸ்ஸில் முத்துமாரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்துவிட்டுச் சிரித்தாள்.

"டீச்சர், நாளைக்கு அம்மாவுக்கு லீவாம். சார் புண்ணியத்துல ஒரு நாளாவது வீட்ல பத்திரமா இருப்பா."

இந்த உத்தியோகத்துக்கு முதுகெலும்பு தேவையில்லை என்பது மட்டும் இன்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. மற்ற தகுதிகள் என்னவென்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.