ஆடி வரை வைத்திருந்த லில்லி விதை

மழை லில்லி விதைக்குப் பட்டம், பருவம் என்று எதுவும் கிடையாது. காய் வெடித்த வாரத்திலேயே மண்ணில் போட்டுவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் எடுத்து வைத்தால் உயிர் போய்விடும். இதை என் வீட்டுக்காரருக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை நடத்தித் தலை நரைத்த பிறகும், அவருக்குள் இருக்கும் வெங்காயக் காட்டு விவசாயி ஓய்வு பெறவில்லை.

என் அக்காவின் கணவர், எங்கள் மாமா தவறிய பிறகு, சத்தியமங்கலம் வீட்டை விற்றுவிட்டு அக்கா கோவையில் மகனுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். ஆடியில் வீடு மாறக்கூடாது என்று வைகாசியிலேயே அவசரமாகக் காலி செய்தார்கள். வாசலோரம் மாமா நட்டிருந்த மஞ்சள் லில்லிக் கிழங்குகளைப் பிறகு வந்து தோண்டிக்கொள்ளலாம் என்றிருந்தாள். வாங்கியவர்கள் அதற்குள் வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது, கிளம்பும் அன்று அவள் முந்தானையில் முடிந்து வந்த விதை மட்டும்தான். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? என்னிடம் கொடுத்தாள்.

“இன்னைக்கே போட்டுரு கண்ணு” என்றாள்.

நான் தொட்டியில் மண் நிரப்புவதற்குள் வீட்டுக்காரர் விதையை வாங்கி வைத்துக்கொண்டார்.

“வைகாசி வெயில்ல எவனாச்சும் விதைப்பானா அம்மணி? ஆடி வரட்டும். காத்தும் சாரலும் ஆரம்பிக்கட்டும்.”

“இது வெங்காயம் இல்லீங்க” என்றேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஆரம்பித்துவிட்டார். பழமொழியோடு யார் மல்லுக்கட்டுவது?

ஆடிப்பெருக்கன்று தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, பக்தியாக விதைத்தார். ஆவணி பிறந்தும் ஒரு முளைகூட வரவில்லை. அவரோ தினமும் பட்டறைக்குக் கிளம்பும்முன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமா வைத்த செடியில் இனி ஒன்றுகூட இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். வந்ததும் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தாள்.

“இன்னும் நாளாகுமுங்க” என்றார் இவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“ஆகட்டுங்க மாப்பிள்ளை” என்றாள்.

சமையலறைக்கு வந்ததும் நான் பொருமினேன். “செத்த விதைக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கறாரு. இன்னைக்கு அவருகிட்டச் சொல்லிப்போடறேன்.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“சொல்லிப்போடாத கண்ணு. அங்க பையன் வீட்டுல மாமா பேரை எடுக்கக்கூட ஆளில்லை. ஒருத்தராவது அவரு பூவுக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கட்டும்.”