ஒரு நடைக்கு ஒரு சாமான்

கிரான் கிராமத்தில் சீதேவிப்பிள்ளையின் மகள் இராசாத்தி கடைக்கு ஓடும் ஓட்டம் ஊருக்கே சிரிப்பு. சீனி வாங்கி வருவாள். அதை வாங்கி வைத்துவிட்டுத் தாய் தேயிலைக்கு அனுப்புவாள். பிறகு நெருப்புப்பெட்டிக்கு.

"மறுகாவும் வந்திட்டியா புள்ள? உன்ர நடையில என்ர கடைவாசல் பள்ளமாப் போச்சு" என்பார் கடைக்கார வினாயகமூர்த்தி.

ஒன்பது வயது இராசாத்திக்கு ஒன்று சொன்னால் மனதில் நிற்கும். இரண்டு சொன்னால் கடைசியாகக் கேட்டது மட்டும் நிற்கும். "புத்தகத்தை எடு, பக்கத்தைத் திருப்பு, மூன்றாம் கணக்கைச் செய்" என்று ஆசிரியை சொன்னால், எந்தப் புத்தகம் என்று விழிப்பாள். கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்குக் கேட்டதைச் சற்றுநேரம் மனதில் ஏந்தி வைத்திருப்பதே கடினம் என்று இன்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தொண்ணூறாம் ஆண்டு வகுப்பறையில் அதற்குப் பெயர் திமிர். களை பிடுங்கிப் பிழைத்த விதவை சீதேவிப்பிள்ளை மகளை அடிக்கவில்லை. ஒரு நடைக்கு ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த ஆண்டு படையினர் இளைஞர்களைப் பிடித்துப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மூத்தவன் சிவரத்தினத்தைத் தாய், வட்டை என்று ஊரார் சொல்லும் வயல்வெளியின் நடுவே இருந்த காவல் குடிலில் ஒளித்து வைத்தாள். பின்னேரங்களில் சோறு கொண்டுபோனவள் இராசாத்திதான்.

ஒரு காலை படையினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். பக்கத்து வளவில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. தாய் மகளின் தோளைப் பிடித்தாள்.

"அண்ணன் எங்க எண்டு கேட்டா கொழும்பு எண்டு சொல்லு. வட்டைக்க எண்டு மட்டும் சொல்லிப்போடாத புள்ள."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இரண்டு சொல்லிவிட்டாள். திருத்துவதற்குள் படலை திறந்தது.

"அண்ணா எங்க?" என்றான் சிப்பாய், அரைகுறைத் தமிழில்.

இராசாத்தியின் உதடு அசைந்தது. தாய் சொன்னதை மனதுக்குள் தேடினாள்.

"வட்டை."

அவனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. "வட்ட? என்ன வட்ட?"

"கொழும்பு, சேர், கொழும்பு" என்று தாய் குறுக்கே விழுந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. பிள்ளையிடமே குனிந்து மறுபடி கேட்டான். விடை தெரிந்த சந்தோசத்தில் இராசாத்தி வயல் பக்கம் கையை நீட்டினாள். வகுப்பில் அவளுக்கு அந்தச் சந்தோசம் கிடைத்ததே இல்லை.

சிவரத்தினத்தை வட்டைப் பாதையாலேயே கொண்டுபோனார்கள். வீட்டுப் பக்கம் வரவில்லை.

பின்னேரம் இராசாத்தி வழக்கம்போல் சோற்றுப் பார்சலைத் தானே கட்டிக்கொண்டு ஓடினாள். அப்படியே கொண்டு திரும்பினாள்.

"அம்மா, அண்ணன் அங்க இல்ல. எங்க போன?"

சீதேவிப்பிள்ளை பார்சலை வாங்கிக்கொண்டாள்.

"கொழும்பு."

மகனைத் தேடிப் படை முகாம் முகாமாக அலைந்து வெறுங்கையோடு திரும்பிய நாட்களிலும், மகள் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல்தான்.