மல்லிகா அக்கா குரலின் உரிமையாளர்

இன்று காலை மீன்கார மல்லிகா அக்கா கூடையை இறக்கிவிட்டுக் கைப்பேசியை நீட்டினார். வாடிக்கையாளர்களுக்காக அவர் போட்ட வீடியோவில் சத்தமே இல்லை.

"சங்கரா மீனேய்னு நான் கத்துனதை எவனோ காப்பிரைட்டுன்னு அமுக்கிட்டான் சார். இனிமே தெருவுல கத்துனாலும் புடிப்பானுவளா? கத்தாம எப்படி மீன் விக்கும்?"

வீடியோவுக்குக் கீழே வந்திருந்த அறிவிப்பைத் திறந்து பார்த்தேன். எவனோ இல்லை, நெடுங்காட்டு டிஜே பாஸ்கர். அக்கா கூவியதைப் பதிவுசெய்து, டிரம்ஸ் சேர்த்து, தன் பேரில் ரீமிக்ஸாக இணையத்தில் ஏற்றியிருக்கிறான்; அதே குரல் என்பதால் அக்காவின் வீடியோ ஊமையாகிவிட்டது.

அவன் பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

"கொரலு அவங்களுதுதான் சார், பாட்டு என்னுது. தாராளமா கத்தட்டும். என் பேரை மட்டும் சொல்லிடச் சொல்லுங்க."

அக்கா நிம்மதியாகக் கூடையைத் தூக்கினார். தெருமுனையிலிருந்து கேட்டது:

"சங்கரா மீனேய்ய்... இசை, டிஜே பாஸ்கரேய்ய்!"

என் குறட்டையை மனைவி பதிவுசெய்து வைத்திருக்கிறாள். அது பாஸ்கர் கையில் கிடைத்தால் நான் யார் பேரைச் சொல்லிவிட்டுத் தூங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.