பதினைந்து காசு இட்லி

ஆவடியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தோம். காண்டிராக்டர் ஒருவரிடம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சு நோய் வந்து படுத்துவிட்டார். தினம் முட்டையும் பாலும் கொடுக்காமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த முட்டைக்காகத்தான் அம்மா இட்லி விற்க ஆரம்பித்தாள். அதுவும் ஓடாவிட்டால் வேப்பம்பட்டில் மாமா வீட்டோடு போய்விட வேண்டியதுதான். மாமி எங்களை எந்த அழகில் வைத்துக்கொள்வாள் என்று எனக்கே தெரியும்.

பாக்டரியில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் கேட் அருகே அம்மாவின் கூடையைச் சுற்றி நிற்பார்கள். இட்லி பத்துக் காசு. நன்றாகத்தான் ஓடியது. பிறகு அரிசி ஏறியது, உளுந்து அதைவிட வேகமாக ஏறியது. கூடை காலியானாலும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. பதினைந்து காசாக்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை. வயல் வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள். கொடுத்ததை வாங்கித்தான் பழக்கம், இவ்வளவு கொடு என்று கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு சாயங்காலம் மாவு ஆட்டிக்கொண்டே, இட்லி வாங்க வருகிற ஆளாக என்னை நடிக்கச் சொன்னாள். எனக்கு ஏழு வயது. அப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றேன்.

“இட்லி இனிமே பதினஞ்சு காசு அண்ணாத்தே,” என்றாள், ஆட்டுக்கல்லைப் பார்த்தபடி.

“இன்னாது, பதினஞ்சா? நெய்ல சுட்டியா? ஒன் இட்லியே வாணாம் போ!” என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து வீட்டு அத்தை மீன்காரியிடம் பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், சும்மா விடுவேனா?

“சரி சரி, பத்துக் காசே குடு,” என்றாள் அம்மா. ஜெயித்துவிட்டேன் என்று நான் குதித்தேன். படுத்திருந்த அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாளும் அம்மா பத்துக் காசுக்குத்தான் விற்றாள். அந்த வாரமே குழி சின்னதாக இருக்கும் இட்லித் தட்டு ஒன்றை வாங்கினாள். விலையும் ஏற்ற வேண்டாம், யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவும் வேண்டாம். தப்பித்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்து மூன்று வேளையும் நாங்களே தின்றோம். முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகி, பிறகு அதுவும் நின்றது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசிவரை வந்துகொண்டிருந்தவர் பாக்டரியில் மெஷின் பிட்டராக இருந்த ஒருவர் மட்டும்தான். பள்ளிக்கூடம் இல்லாத ஒருநாள் நானும் கூடையருகே இருந்தேன். அவர் இட்லியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாக்கா இது, சோடா மூடி கணக்கா கீது? அரிசி வெல எங்களுக்குத் தெரியாதா? ஏறிப்போச்சு, இத்தினி குடுன்னா குடுத்துட்டுப் போறோம். நீ சொல்லாம கொள்ளாம கொறச்சா ஏமாத்துறன்னுதான நெனச்சிக்குவாங்க?”

அம்மாவின் முகம் செத்துவிட்டது. தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் பழைய தட்டைத் தேடி எடுத்துத் தேய்த்தாள். என்னைக் கூப்பிட்டுத் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

“அரிசி ஏறிப்போச்சு அண்ணாத்தே. இட்லி பழைய மாதிரி பெருசாவே கீது. பதினஞ்சு காசு.” இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நான் என் வித்தையெல்லாம் காட்டினேன். கத்தினேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவள் கூப்பிடவில்லை. திரும்பி வந்து பன்னிரண்டு காசு தருகிறேன் என்றேன்.

“கட்டாது அண்ணாத்தே.” குரல் நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை.

படுக்கையிலிருந்து அப்பா, “குடுத்துட்டு வாங்கிக்கம்மா, நாயமான வெலதான்,” என்றார்.

அப்பாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. துண்டைத் தரையில் எறிந்தேன். மறுநாள் காலை அம்மா பாதிக் கூடை விற்று, கையில் ஒரு முட்டையோடு வந்தாள். அப்பாவுக்கு அதை வேகவைத்துக்கொண்டே, கேட் அருகே நடந்ததையெல்லாம் என்னிடம் சொல்ல வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எப்போதும் என்னிடம் தோற்கிற அம்மாதான் எனக்கு வேண்டியிருந்தாள்.