வெள்ளிக்கிழமைப் பட்டினி

தலையணை உறையில்தான் முதலில் பார்த்தேன், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ரத்தக் கறை. கேட்டதற்கு, பல் துலக்கும்போதும் கொஞ்ச நாளாக வருகிறது என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னார் என் கணவர். சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். வயது நாற்பத்து மூன்று. பேச்சுதான் அவர் பிழைப்பு. சர்க்கரை வியாதி வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அறுபதுகளின் கடைசி அது. ஈறுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் உண்டென்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஈறு வீங்கியது. அழுத்தினால் சீழ் வந்தது. பற்கள் ஆடின. ராத்திரிக்குச் சப்பாத்திதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரால் மெல்ல முடியவில்லை. பார்க்கப் பொறுக்காமல் மூன்று வேளையும் அரிசிக் கஞ்சியைக் குழையக் காய்ச்சிக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லையே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மடச்சி.

சனிக்கிழமை காலைகளில் தாம்பரத்து டாக்டரிடம் சிறுநீர்ப் பரிசோதனை (நீல மருந்தில் சில சொட்டுவிட்டுக் கொதிக்க வைப்பார்கள், நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை, செங்கல் நிறமானால் மிக அதிகம்). வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாச ஜெபம். அவருடைய ஈறு ஆற வேண்டுமென்று ஒரு வெள்ளி விடாமல் இருவரும் பச்சைத் தண்ணீரோடு இருந்தோம். மறுநாள் பரிசோதனை முடிந்துதான் கஞ்சி. குழாய் ஒவ்வொரு வாரமும் நீலமாகவே நின்றது. டாக்டர் மெச்சிக்கொண்டார். கர்த்தர் கேட்டுவிட்டார் என்று நான் பஸ்ஸிலேயே அழுதேன்.

அந்த டாக்டரின் சீட்டை நம்பித்தான் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆடிய ஆறு பற்களை ஒரே நாளில் பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை. பத்தாம் நாள் தாடை வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. காய்ச்சலில் பிதற்றினார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கேம்மா. வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். உபவாசம்."

"மத்த நாள்ல?"

கஞ்சியைச் சொன்னேன். பட்டினி கிடந்த மறுநாள் பார்த்தால் குழாய் நீலமாகத்தான் நிற்கும், மற்ற ஆறு நாள் சர்க்கரை அதில் தெரியாது என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சர்க்கரை ஏறினால் ஈறு அழுகும், ஈறு அழுகினால் சர்க்கரை இறங்காது, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார்.

தினம் இரண்டு வேளை இன்சுலின் (சர்க்கரையைக் குறைக்கும் ஊசி மருந்து). சீழ் வடியத் தாடையைக் கீறினார்கள். மிச்சப் பற்களையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்கரை இறங்கியது. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குணமாம். தாடை எலும்பு கரைந்து போனதால் பல்செட் நிற்கவில்லை. வகுப்பில் செய்யுள் சொன்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வேலையை விட்டுவிட்டார்.

"நீ என்ன பண்ணுவ ஸ்டெல்லா, நல்லதுக்குத்தானே செஞ்ச" என்றார் ஒரு நாள். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் அவர் வாயைத் திறந்து பாருங்கள். டாக்டரிடம் ஏழு நாளையும் சொல்லுங்கள்.

எனக்கு இப்போது கிழமை கிடையாது. ஊசிக்கு முன், ஊசிக்குப் பின், அவ்வளவுதான். என் பற்கள் ஒன்றுகூட ஆடவில்லை. காலையில் அவர் எழுவதற்குள் கொல்லைக்குப் போய், சத்தம் வராமல் பல் துலக்கிவிட்டு வருகிறேன்.