சரவணன் சட்டைப் பையில் இருந்த சாவி

கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் சரவணனுக்கு உட்காரத் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் முக்கால் மணி நேரத்தில் எழுந்து வந்தவன், பள்ளிக்கூடத்தை விட்டே எழுந்து வந்ததாகக் கணக்கு. சிப்காட்டில் ஒரு கம்பி உருட்டும் கம்பெனியில் ஒன்பது நாள் வேலை பார்த்தான். ஒரே மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கச் சொன்னார்கள். பத்தாவது நாள் ஆளைக் காணோம். கல்யாணத்தன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மண்டபத்து ஜெனரேட்டர் சத்தம் சரியில்லை என்று மணவறையிலிருந்து எழுந்து போய்விட்டான். மனைவி பூமிகா இன்னும் அதை மறக்கவில்லை. புருஷனுக்குத் தட்டை மேசையில் வைக்காமல் கையிலேயே கொடுத்துவிடுகிறாள்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஜெனிபரின் வண்டி மூன்றாவது தடவையாக வந்து நின்றது.

ஜெனிபர் செகண்ட் ஹேண்டில் ஒரு பட்டன் ஸ்டார்ட் வண்டி வாங்கி, கம்பெனிக்குப் போகும் பெண்களை விடிகாலையில் ஏற்றிக்கொண்டு போகிறவள். காலையில் பட்டனை அழுத்தினால் வண்டி ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு செத்துப்போகும். சரவணன் இரண்டு தடவை பேட்டரி மாற்றினான். அன்று காலை மறுபடியும் அதே ‘டிக்’. ஏழு பெண்களும் ரோட்டில் நின்று ஷிப்டைத் தவறவிட்டார்கள்.

“நாளைக்கும் வண்டி வரலன்னா ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாருண்ணே. இந்த வாட்டியும் பேட்டரி மேல பழி போடாத.”

“போடல. இன்னிக்கு உக்காந்து பாக்குறேன்.”

பக்கத்துப் பஞ்சர் கடைக் கலியன் ட்யூபை உருட்டிக்கொண்டே கேட்டான். “யாரு நைனா உக்காரப் போறது?”

வண்டியைப் பூட்டியபின் ஏதோ ஒரு பாகம் கரண்டைத் திருடுகிறது என்றால், வண்டி தூங்கும்வரை காத்திருந்துதான் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணயர முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் கதவைத் திறந்தால் எல்லாம் விழித்துக்கொள்ளும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சரவணன் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தான். பானெட் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதாக வண்டியை ஏமாற்றினான். போன இரண்டு தடவையும் இதையேதான் செய்தான். அப்போதெல்லாம் மீட்டர், தூங்குகிற வண்டிக்கு உரிய இருபது மில்லி ஆம்பியருக்கு இறங்கி அங்கேயே நின்றது. வண்டியில் குற்றமில்லை, அப்படியானால் பேட்டரிதான் சீக்கு என்று முடிவு கட்டியது அதனால்தான்.

வாடிக்கையாளர் சாவிகளை அவன் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைப்பது வழக்கம். அன்றைக்குப் பார்த்துக் கலியன் வால்வு பின் போட்டுவைக்க அந்த டப்பாவை எடுத்துப் போயிருந்தான். சரவணன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஸ்டூலில் உட்கார்ந்தான். நான்கு நிமிடம் உட்கார்ந்தான். அப்புறம் டீக்கடை வரை போய், டீ வாங்காமலே திரும்பி வந்தான். ரோட்டைத் தாண்டிப் போய் யாரோ ஒருவருடைய லாரியின் ஹெட்லைட்டை முறைத்துவிட்டு வந்தான்.

“காலுல சக்கரம் கட்டினு பொறந்தியா நீ? எனக்குத் தல சுத்துது” என்றாள் ஜெனிபர். அவள் கண் மட்டும் மீட்டரிலேயே இருந்தது. அந்த இரண்டு இலக்கத்தில் அவளுடைய நாளைய விடியல் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவள்தான் சொன்னாள். “அண்ணே, இருபதுன்னு இருந்தது. நீ வந்ததும் அறுநூறு ஆயிடுச்சு.”

“கதவத் தொட்டியா?”

“நான் எங்க தொட்டேன்?”

சரவணன் எரிச்சலோடு மறுபடி டீக்கடைப் பக்கம் நடந்தான். கதவு எதுவும் திறக்காததால் கொஞ்ச நேரத்திலேயே மீட்டர் இறங்கியது. திரும்பினான், ஏறியது.

“உன்னப் பாத்தா வண்டிக்கே பேஜாரா இருக்குது போல” என்றான் கலியன்.

சரவணன் சிரிக்கவில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவியை எடுத்துக் கலியன் கையில் கொடுத்து, “அந்த மைல் கல்லாண்ட போய் நில்லு” என்றான்.

“ட்யூபு காயுது நைனா.”

“போடா.”

கலியன் போனான். மீட்டர் இறங்கியது. சரவணன் வண்டியைத் தொடாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான், எண் அசையவில்லை. “இப்ப வா” என்று கை காட்டினான். கலியன் பத்தடிக்குள் வந்ததும் மீட்டர் எகிறியது. சாவி பக்கத்தில் இருந்தால் வண்டி முதலாளி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முழித்துக்கொண்டே இருக்கிறது.

“ஜெனிபரு, ஊட்ல சாவிய எங்க வெப்ப?”

“மாதா படத்து ஆணில. ஃபாதர் மந்திரிச்சுக் குடுத்த சாவி, வேற எங்க வெப்பேன்?”

“படம் எங்க கீது?”

“முன்பக்கச் செவுத்துல.”

“செவுத்துக்கு அந்தாண்ட?”

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “வண்டி. சந்துல இடமில்ல, ஒட்டித்தான் நிறுத்துறேன்.”

ராத்திரி முழுக்க மாதா சாவியைக் காத்தாள். சாவி வண்டியைத் தூங்கவிடாமல் காத்தது. பிஸ்கட் டப்பாவின் தகரத்தைத் தாண்டிச் சாவியின் குரல் வெளியே வராததால் கடையில் மட்டும் வண்டி சமர்த்தாகத் தூங்கியிருக்கிறது.

சரவணன் தரையைப் பார்த்தான். “நான் கழட்டுன ரெண்டு பேட்டரியும் நல்ல பேட்டரிம்மா. தப்பு என்னுது.”

ஜெனிபர் கலியன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். “சாவிய மாதாகிட்டேந்து எடுக்க மாட்டேன்” என்றாள்.

“எடுக்க வாணாம்.” சரவணன் கலியனின் கடைக்குப் போய் வால்வுகளைத் தரையில் கொட்டிவிட்டு டப்பாவோடு வந்தான். “இதுக்குள்ள போட்டு மூடி, மாதா காலடியில வெய்யி.”

“என் வால்வு” என்றான் கலியன்.

மறுநாள் விடியும்போது சரவணன் ரோட்டோரம் இருந்தான். போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்; ‘டிக்’ என்ற பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பண்ணவில்லை. மைல் கல்லுக்கும் கடைக்கும் நடந்தான். கம்பெனி பஸ்கள் போயின. ஐந்தரைக்கு மேல் ஆகியும் காணோம். ஒரு டீ வாங்கி ஆறவிட்டுக் கொட்டினான்.

அப்புறம் வந்தது. உள்ளே ஏழு தலைகள், அதில் நாலு தூக்கத்தில். ஜெனிபர் நிறுத்தவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருக்கும். லைட்டை மட்டும் ஒரு தடவை அடித்துவிட்டுப் போனாள்.

சரவணன் இன்னொரு டீ வாங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கடையைத் திறக்க வந்த கலியன், அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதியில் நிறுத்தினான்.

“உடம்பு கிடம்பு சரியில்லயா நைனா?”

“வாய மூடு” என்று சொல்லிச் சரவணன் எழுந்துவிட்டான்.